கடற்கரையில் சாயும் தூண்கள்

இரும்புத் தூணைத் தூக்கி நிறுத்துவது பெரிய வித்தை இல்லை. அதை நேராக நிற்க வைப்பதற்குள்தான் உயிர் போகிறது. மேலே உத்தரம் ஏறி எல்லாம் பிணையும் வரை, தூணின் தலையிலிருந்து தரைக்கு இழுத்துக் கட்டிய கம்பிக்கயிறுதான் அதைப் பிடித்திருக்கும்.

தொண்டிப் பக்கம் கரையோரம் ஒரு ஐஸ் கம்பெனிக்குக் கொட்டகை போடுகிறோம். சாயங்காலம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் தூண் நேராக நிற்கிறது. காலையில் வந்தால் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்தினால் மறுநாளும் அதே கதை. கிரேன்காரர் வேறு முனகிக்கொண்டே இருக்கிறார். கயிற்றை முறுக்கி இறுக்குவது என் மச்சினன் அய்யப்பனின் வேலை.

"ஏலே, ஒழுங்கா இறுக்குறியா, இல்ல செல்போன நோண்டிக்கிட்டே திருகுறியா?"

"சத்தியமா இறுக்கித்தான் வச்சேன் மச்சான்."

"அப்பறம் பேய் வந்து இளக்குதா? நீ வேலை பாத்தது போதும், ஊருக்குப் போ."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு சாயல்குடிக்குப் போய்விட்டான். அன்று எல்லாக் கயிற்றையும் நானே இறுக்கினேன், உள்ளங்கைத் தோல் உரிகிற அளவுக்கு.

விடிந்து பார்த்தால் தூண் சாய்ந்திருந்தது.

பக்கத்தில் வலை காயப்போட்டிருந்த சல்மான் சிரித்துக்கொண்டே வந்தார். "ராத்திரி காத்து கூடிருச்சுண்ணே. ஒங்க கயிறு விண்ணுன்னு நின்னுச்சு. அதான் இளக்கிவிட்டேன். தெனமும் நாந்தான் இளக்குறேன். படகை இறுக்கிக் கட்டுனா காத்துக்கு அத்துக்கிட்டுல்ல போயிரும்."

உதவி செய்துவிட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. திட்டவும் வாய் வரவில்லை.

"தம்பி, இது கடல்ல மெதக்கலப்பா, தரையில நிக்கிது" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"அல்லாவே, தெரியாமப் போச்சே" என்றார்.

அய்யப்பனுக்குப் போன் போட்டேன். "வாரேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் வருவதற்குள் கயிறுகளை இறுக்கித் தூண்களை நிமிர்த்தி வைத்தோம். தூணின் உச்சியில் இருந்து உத்தரத்தைப் பிடித்து போல்ட் மாட்ட அவனை விட்டால் என்னிடம் ஆள் கிடையாது.

"இளக்குனது சல்மானாம்லே. நீ இல்ல" என்றேன், ஏதோ பெரிய மனதோடு மன்னிப்பவன் மாதிரி.

அவன் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"மேல நிக்கப் போறது நான். கயித்த இளக்கமா வச்சுட்டு அந்தத் தூண்ல நானே ஏறுவேனா மச்சான்?"

இத்தனை நாளில் இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. நான் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பதற்குள் அவன் பாதித் தூண் ஏறியிருந்தான்.