பெட்டி ஏறிய மலை

எங்கள் ஊர் நாற்சந்தியில் கையை நீட்டிக்கொண்டு சிலையாக நிற்கும் தலைவருக்கு நூறாவது பிறந்தநாள் வந்தது. அதையொட்டி அவர் இளமையில் எழுதிய பயண நூலை மறுபடி அச்சிட வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்து, வேலையை எங்கள் அச்சகத்துக்குக் கொடுத்தது. எழுதியபோது அவர் தலைவரும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா காசில் ஊர் சுற்றிய இருபத்திரண்டு வயதுப் பையன்.

அச்சகத்தில் தட்டச்சு செய்வது என் சித்தி. அம்மாவின் தங்கை. நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு நின்றவள். எழுந்து பதில் சொல் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்; வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் நின்றேன். "வீட்டுல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதுக்கு என்கூட வந்து கம்ப்யூட்டரைப் பாத்துட்டு உக்காரு" என்று சித்தி கூட்டிவந்துவிட்டாள்.

என் வேலை வாசிப்பது. பழைய புத்தகத்தை விரித்து வைத்தால் முதுகு விட்டுப்போகும். எழுத்தோ எறும்பு. சித்தியின் கண்ணுக்கு அது தெரியாது. அதனால் நான் புத்தகத்தைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு உரக்க வாசிப்பேன். சித்தி திரையைப் பார்த்தபடி அடிப்பாள். கமா, முற்றுப்புள்ளி, பாரா எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். சொந்தப் பேச்சு பேசுவதானால் முதலில் மேசையை ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டாமல் பேசினால் அதையும் அடித்துவிடுவாள். அவள் காது கேட்கும், விரல் ஓடும், மனசு மட்டும் வீட்டில் துணி காய்ந்ததா என்று பார்க்கப் போயிருக்கும்.

யாரும் என்னைப் பார்ப்பதில்லை என்பதால் அங்கே எனக்குத் தொண்டை அடைப்பதில்லை.

முதல் நாற்பது பக்கம் எனக்குப் பிடித்தே இருந்தது. பையன் நன்றாக எழுதுகிறான். படகில் வாந்தி எடுத்ததைக்கூட ஒளிக்கவில்லை. பிறகு ஒரு மலை வந்தது. உச்சியிலிருந்து சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டுமாம். அதற்கு அவனோடு ஒரு பெட்டியும் ஏற வேண்டுமாம். பெட்டியைப் பற்றி முக்கால் பக்கம்: தேக்கு, பித்தளை மூலை, உள்ளே நீல வெல்வெட், மூடியில் அப்பாவின் பெயர். அதன் பிறகு மூன்று வரி.

"சுமைக்காரி பிள்ளைத்தாய்ச்சி, முற்றுப்புள்ளி. பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள், முற்றுப்புள்ளி. அவளால் உதயம் காணும் பாக்கியத்தை இழந்தேன், முற்றுப்புள்ளி."

எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. பாக்கியமாம். காலையிலிருந்து நூல் தமிழையே வாசித்திருந்ததால் என் ஆத்திரமும் அதே தமிழில், அதே குரலில் வந்தது. மேசையைத் தட்ட மறந்தேன்.

"வயிற்றில் பிள்ளையோடு பெட்டியைச் சுமந்தவளின் பெயரைக் கேட்க ஒரு வாய் இல்லாமல் போயிற்றே!"

சித்தி அடித்தாள். ஆச்சரியக்குறியைக்கூட அவளே போட்டுக்கொண்டாள்.

அடித்ததை நானும் அவளும் மறுநாள் ஒத்துப் பார்ப்பது வழக்கம். அதற்குள் முதலாளி பக்கங்களை எடுத்து விழாக் குழுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதரை நாங்கள் மைக் என்போம். இரண்டு பேரிடம் பேசினாலும் இரண்டாயிரம் பேரிடம் பேசுகிற குரல்.

அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த வேலையை நிறுத்தி வைத்தோம். இரண்டு நாள் கழித்து மைக் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். கையில் அந்தத் தாள். பின்னால் முதலாளி.

"கேளுங்கய்யா, கேளுங்க. 'பெயரைக் கேட்க ஒரு வாய் இல்லாமல் போயிற்றே!' இருபத்திரண்டு வயசுல! தன்னையே நொந்துக்கிறாருய்யா மனுசன்! எத்தனையோ தரம் இந்தப் புத்தகத்தைப் பத்தி மேடையில பேசியிருக்கேன், இந்த வரி என் கண்ணுல படவே இல்ல பாருங்க."

"முழுசாப் படிச்சிருந்தா பட்டிருக்கும் சார்" என்று சித்தி முணுமுணுத்தாள். அவர் காதில் விழவில்லை.

"பின்னட்டையில இதுதான். அழைப்பிதழ்லயும் இதுதான். சிலைக்குக் கீழ கல்வெட்டே வெக்கலாம்னு பாக்கறேன்."

சித்தி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். வாயை மூடிக்கொள் என்று கண்ணால் சொன்னாள். சொல்லாவிட்டாலும் நான் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் கல்வெட்டு என்றாரே. உதயம் போச்சே என்று அழுதவன் காலடியில், என் கோபத்தைக் கல்லில் வெட்டி, அவன் கருணை என்று வைப்பார்களாம்.

"அது அவர் எழுதல."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். முதலாளி திடுக்கிட்டார். "ஏம்மா, உனக்குப் பேச வருமா?"

"அது நான் சொன்னது. கோவத்துல சொன்னேன். சித்தி அடிச்சுட்டாங்க."

பழைய புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். மைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த மூன்று வரியையும் படித்தார். இன்னொரு முறை படித்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அதனால என்ன? மனசுல இருந்திருக்கும், எழுத விட்டுப்போயிருக்கும். உன் வாயால அவரே சொன்ன மாதிரி வெச்சுக்க."

"சார், என் வாய் என்னோடது."

"அட, இருக்கட்டும்மா. உனக்கு விழாவுல முன் வரிசையில சீட்டு." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "இந்த மூணு வரியை எடுத்துடுங்க. பிள்ளைத்தாய்ச்சி, உக்காந்தா, எழுந்தா... இதெல்லாம் எதுக்கு? பாப்பா சொன்னது மட்டும் நிக்கட்டும். எவ்வளவு லட்சணமா இருக்கு!"

போய்விட்டார்.

அந்தப் பெண் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு மிச்சம் அந்த மூன்று வரிதான். அவன் எரிச்சலில் எழுதினானோ என்னவோ, அவள் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தாள் என்று எழுதினான். அதைப் படித்ததால்தான் எனக்குக் கோபமே வந்தது. இனி படிப்பவருக்கு அவள் உட்காரவே மாட்டாள். நல்ல மனிதர் ஒருவர் வருத்தப்படுவதற்காக மலை ஏறிவிட்டுப் போவாள். அவனுக்கு வராத வருத்தத்தைத் தைத்துக் கொடுத்த தையல்காரி நான்.

மறுநாள் சித்தி விரல்களைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். "ம், படி."

நான் படிக்கவில்லை.

"படிடி."

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு வராத வேலையா?

"அடியே, விளையாடாத. எனக்கு வேலை போயிடும். உனக்காவது பதினேழு வயசு, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அது குத்தியது. சித்திக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் என்னால் திறக்க முடியவில்லை. "மூணு வரியும் இருக்கணும் சித்தி. என்னோடது போகணும். அப்பப் படிக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

முதலாளி வந்தார். அதட்டினார், நைசாகப் பேசினார், ஒரு டீ வாங்கித் தந்தார். டீயைக் குடித்தேன். படிக்கவில்லை.

"போம்மா, நீ பெரிய மகாராணி. நானே படிக்கிறேன்" என்று புத்தகத்தைப் பிடுங்கி, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். கமா சொல்ல மறந்தார். பாராவை முழுங்கினார். நடுவில் அவர் போன் அடித்தது. மேசையைத் தட்ட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? சித்தி பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே போனாள். பிரதி எடுத்துப் பார்த்தபோது தலைவர் மலையுச்சியில் நின்று, "ஹலோ, பேப்பர் லோடு ஏத்திட்டீங்களா, போன தடவை மாதிரி ஈரமா அனுப்புனா செருப்பாலயே அடிப்பேன்" என்று சூரியனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. சித்தி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே விசைப்பலகையை நகர்த்தி வைத்தாள்.

"சார், அவ கேக்கறதுல என்ன தப்பு? புத்தகத்துல இருக்கறதத்தான போடச் சொல்றா. இந்தப் பழைய புத்தகத்த இரவல் குடுத்தது தலைவரோட பேரன். நாளைக்கு அவரு ஒத்துப் பாத்தா எங்க தாத்தா எழுதாதத நீங்க எப்படிப் போட்டீங்கன்னு உங்க சட்டையத்தான் புடிப்பாரு. மைக் சட்டைய இல்ல."

சட்டை என்றதும் முதலாளி யோசித்தார். வெளியே போய் மைக்கோடு வெகுநேரம் பேசினார். "என் கையில இல்ல சார்... பேரன் சார்... ஆமா சார், லட்சணமான வரிதான் சார்..." என்று கேட்டது. திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு வரியும் இருக்கும். உன்னோடது போச்சு. முன் வரிசை சீட்டும் போச்சு. புத்தகம் முடிஞ்சதும் நீயும் கிளம்பிடு தாயி. உன்னை வெச்சு என்னால மாரடிக்க முடியாது."

சித்தி என் வரியை அழித்தாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. நல்ல வரிதான்.

மேலே வாசித்தேன். உச்சியில் பையன் மூன்று பக்கம் மேகத்தைப் பார்த்தான். கவிதை ஒன்று எழுதினான். பசித்தது, இறங்கினான். "அன்றிரவு விடுதியில், கமா, பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கினேன், முற்றுப்புள்ளி, அத்தியாயம் முடிந்தது."

விசைச் சத்தம் நின்றது. எத்தனையோ புத்தகம் அடித்த சித்தி, வாசிப்புக்கு நடுவில் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ எப்படி இறங்குனா?"

"எழுதல சித்தி."

"நல்லாப் பாரு."

முன்பக்கம் புரட்டினேன், பின்பக்கம் புரட்டினேன். அடுத்த அத்தியாயத்தில் அவன் ரயிலில் இருந்தான்.

"இல்ல."

"இந்தா, அப்ப அந்தப் பெட்டிக்குக் கால் முளைச்சுதாமா?" சித்தி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பிள்ளைத்தாய்ச்சியை மலையில விட்டுட்டு என்னடி நிம்மதியா உறக்கம் இவனுக்கு?"

பக்கத்து அறையிலிருந்து முதலாளி என்ன சத்தம் என்று கேட்டார். சித்தி மேசையை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.