வயர்லெஸ் அல்ல, கொம்பியூட்டர்

எண்பத்துநாலில் என் கணவர் யோகேந்திரனைப் பதினொரு மாதம் அடைத்து வைத்து அடித்த பொலிஸ்காரர்கள் கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. எங்கள் வீட்டில் எடுத்த சாமான், இயக்கத்தோடு பேசுகிற வயர்லெஸ் என்று எழுதிய தாளில். உண்மையில் அது ரி.வி.யில் பொருத்திப் பாவிக்கிற சின்ன வீட்டுக் கொம்பியூட்டர். கண்டியில் அப்போது அதைக் கண்டவர்கள் குறைவுதான். அதற்காக வாயில் வந்ததை எழுதுவதா? மனிசன் கடைசிவரை கையெழுத்து வைக்கவில்லை. விட்ட பிறகு எட்டு வருடம் இருந்தார், ஒரு காது கேட்காமலே செத்தார்.

அந்தக் கொம்பியூட்டரைத்தான் இருபத்துமூன்று வருடம் கழித்து நான் திரும்பச் செய்கிறேன். கூட இருப்பவர் அக்குறணைக்காரர் ஹாஷிம், என்னோடு கல்லூரியில் படிப்பிக்கிறவர். வேண்டிய சுற்றை உள்ளே எழுதி, பிடிக்காவிட்டால் அழித்து வேறு எழுதக்கூடிய சிப் இப்போது கிடைக்கிறது. பழைய மெசின் முழுவதையும் அதற்குள் எழுதிவிட்டோம். ரி.வி.யில் படம் வந்த அன்று ஹாஷிம் வட்டிலாப்பம் கொண்டுவந்தார்.

குறை தமிழ் எழுத்து மட்டும்தான். யோகேந்திரன் கட்டத் தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, தனிச் சிப்பில் பதித்து அந்த மெசினில் செருகியிருந்தார். தாள்களையும் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. அவர் வரைந்த எழுத்து இனி அந்தச் சிப்பில்தான் உண்டு.

போன மாதம் பொலிஸ் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. களஞ்சியத்தைத் துப்புரவாக்குகிறார்களாம், சாமானை எடுக்கட்டாம். ஹாஷிமையும் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சார்ஜன் மரியாதையாகக் கதிரை தந்தார். மேசையில் தூசியோடு எங்கள் கொம்பியூட்டர். கை வைக்கப் போனேன், புத்தகத்தைத் திருப்பி வைத்தார். 'வயர்லெஸ் இயந்திரத்தைப் பெற்றுக்கொண்டேன்.' கீழே கையெழுத்துக்குக் கோடு.

அந்தச் சொல்லைத் திருத்தச் சொன்னேன். பழைய பதிவில் கை வைக்க முடியாதாம். ரி.வி. ஒன்று தாருங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்றேன். சிரித்தார். கொம்பியூட்டர் என்று தனக்கும் தெரியுமாம், பெயர் என்னவானால் என்னவாம். முப்பதாம் தேதிக்குள் எடுக்காவிட்டால் உடைத்துவிடுவார்களாம். தெரிந்துகொண்டே கேட்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு கையெழுத்துத்தானே டீச்சர், வெச்சிட்டு எடுங்க" என்றார் ஹாஷிம், மெல்ல.

"அதை வைக்காததுக்குத்தான் அந்த மனிசன் அடி வாங்கினது, ஹாஷிம். நான் வைக்கமாட்டன்."

எழும்பி வந்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை மாற்றினால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று பதிவுத் தபாலில் எழுதினேன். பதில் இல்லை.

நேற்று முப்பதாம் தேதி. நான் போகவில்லை.

நாங்கள் செய்த மெசினில் தமிழ் எழுத்தை அழுத்தினால் வெறும் கட்டம் வருகிறது. நாமே வரைந்துவிடலாம் என்கிறார் ஹாஷிம். வரையலாம்தான், எனக்கும் வரைய வரும். ஆனாலும் அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கல்லூரிக் கண்காட்சி. தமிழ் எங்கே என்று யாராவது கேட்கட்டும். பொலிஸ் உடைத்துவிட்டது என்று சொல்வேன்.