கறுப்புக் கரை போட்ட உறை

நேர்காணலுக்குப் போய்விட்டு வந்த பிறகு பதினெட்டு நாள் என் தம்பி அழகேசன் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நடுவில் எனக்குப் பிள்ளை வேறு பிறந்தது. வலியெடுத்துக் கத்திக்கொண்டிருந்தவளிடமே வாசல் பக்கம் நின்று, “அக்கா, நான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாதோ?” என்று கேட்டவன் அவன்.

மெட்ராசில் இரண்டு வருஷம் சட்டம் படித்தவன். என் கல்யாணத்துக்குக் கடல் தாண்டி இங்கே வந்த இடத்தில் ஜப்பான் சண்டை மூண்டு, திரும்பிப் போகும் கப்பல் நின்றுவிட்டது. புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். சுங்கைப் பட்டாணி கோர்ட்டில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனான்.

“சாட்சி பொய் சொன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்கக்கா. பொய்யா இருந்தாலும் அப்படியே மொழிபெயர்ப்பேன், தீர்ப்பு சொல்றது என் வேலை இல்லைன்னுட்டேன். ஜப்பான் அதிகாரி மூஞ்சியே மாறிப்போச்சு.”

“மாறினா மாறட்டும்லா. சொன்னதை இனிமே அள்ள முடியுமா? மரவள்ளிக்கிழங்கு ஆறுது, தின்னு.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, எனக்கும் பயம்தான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் முனியாண்டியைச் சித்திரையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆவணி வந்தும் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அடுத்த பட்டியல் சனிக்கிழமை போகிறது, அதில் அழகேசன் பெயர் இருக்கிறது என்று கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி சொல்லிவிட்டார். கோர்ட்டு வேலை என்று ஒரு கடிதம் காட்டினால் பெயரை அடித்துவிடுவாராம். கடிதம் வராவிட்டால் இவனும் சயாமுக்குப் போக வேண்டியதுதான்.

தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால், தம்பி டவுனில் சீனிவாசகம் அண்ணன் மளிகைக் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தான். தினமும் வேலை முடிந்ததும் கடைக்குப் போவான். “இன்னும் வரலை தம்பி” என்பாராம் அவர். ஆனால் பிள்ளை பிறந்த சில நாளிலிருந்து வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ஒரு நாள் பூண்டு, ஒரு நாள் கருப்பட்டி, ஒரு நாள் சின்னப் புட்டியில் நல்லெண்ணெய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடு என்பாராம். அந்தப் பஞ்சத்தில் பூண்டைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற கடைக்காரரை நான் கண்டதே இல்லை. சரி, நல்ல மனுஷர் என்று விட்டுவிட்டேன்.

பிள்ளை பிறந்து பத்தாம் நாள் என் பொறுமை போய்விட்டது.

“கோர்ட்டுக்கே எழுதிக் கேளேன்டா.”

“அவசரப்படுறான்னு நினைப்பாங்கக்கா.”

“சனிக்கிழமை லாரி வந்து நிக்கும். அப்பவும் மரியாதை பாத்துக்கிட்டு ஏறிப் போவியா?”

பழைய சட்டக் குறிப்பு ஒன்றின் பின்பக்கத்தில் நாலு தடவை எழுதி அடித்து, கடைசியில் இரண்டே வரி எழுதினான். நேரில் அழைத்துக் கேட்டதற்கு நன்றி. முடிவைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன். மறுநாள் வியாழக்கிழமை, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளை மிதித்துக்கொண்டு அதை நேரிலேயே கொடுக்கப் போனான். மத்தியானம் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“எட்டு நாளைக்கு முந்தியே பதில் அனுப்பிட்டாங்களாம். என்ன பதில்னு அங்க இருந்த குமாஸ்தாவுக்குத் தெரியல. அதிகாரி அலோர் ஸ்டார் போயிருக்காரு, திங்கட்கிழமைதான் வருவாராம்.”

எட்டு நாள். பூண்டு வர ஆரம்பித்தும் எட்டு நாள்தான். வந்த கடுதாசியை அண்ணன் வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பட்டது. பிள்ளை பெற்றுப் பதினாறு நாள் கழியாத தீட்டுக்காரி வெளியே போகலாமா என்று பக்கத்து வீட்டுப் பிரேமாவதி தடுத்தாள். “போடி அந்தப் பக்கம்” என்று பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

கடைக்குள் போகாமல் வாசலில் நின்றுதான் கேட்டேன்.

“அண்ணே, எங்க கடுதாசி எங்கே?”

என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “பதினாறு கழியட்டும்னு வச்சிருந்தேன்மா. பால் கொடுக்கிற உடம்பு. இத எப்படித் தர்றது?” என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்தார். நாலு பக்கமும் கறுப்புக் கரை.

சாவுச் சேதி வரும் கடிதத்துக்குத்தான் கறுப்பு. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். மேலே இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. கரையைப் பார்த்தார், சயாமை நினைத்தார், ஒளித்து வைத்துவிட்டார். எனக்கும் அந்த நிமிஷம் முனியாண்டி முகம்தான் வந்தது. பிள்ளையை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி பிரித்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

“வாயைத் திறந்து படிடா, பாவி!”

“கோர்ட்டுலேர்ந்துதான் அக்கா. வேலை கிடைச்சிருச்சு. ஒண்ணாம் தேதி வரச் சொல்றாங்க. காகிதம் கிடைக்காம, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழைய துக்க உறையில போட்டிருக்காங்க.”

நான் அழுதேனா சிரித்தேனா, இரண்டும்தான். சீனிவாசகம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “தம்பி தலையெழுத்தையே சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேனே!” தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “ரெண்டு நாள் இருக்குண்ணே, போதும்.” உடனே கிராணியைப் பார்க்கச் சைக்கிளைத் திருப்பினான்.

“நில்லுடா.” அண்ணனிடம் ஒரு துளி மஞ்சள் கேட்டு வாங்கி, நல்ல சேதிக் கடிதத்துக்கு வைப்பதுபோல் உறையின் நாலு மூலையிலும் தடவிக் கொடுத்தேன். வேலை கிடைத்த கடிதத்தைக் கறுப்பாகவா கொண்டுபோய் நீட்டுவது? அவனை முன்னால் அனுப்பிவிட்டேன். அண்ணன் எனக்கு மாட்டுவண்டி பார்த்துத் தருவதாகச் சொன்னார்.

வண்டி வரும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடியும் பூண்டை எடுத்துப் பொட்டலம் கட்டினார். வாங்கிக்கொண்டேன்.

“அண்ணே, சயாமிலேர்ந்து ஒரு நாள் கடுதாசி வரும். மஞ்சளோ கறுப்போ, வந்த அன்னைக்கே என் கையில கொடுத்துரணும்.”

“சரிம்மா.”

“மஞ்சளாத்தான் வரும்” என்றேன். பிள்ளை பசித்து அழுதது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தேன்.