கட்டணத்தில் மாற்றம் இல்லை

பேருந்து நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் அவருக்குப் புலவர் என்று பெயர். பாட்டுக் கட்டிப் பரிசு வாங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டி நடுவழியில் புகைந்து நின்றால் 'தவிர்க்க இயலாத காரணங்களால் சேவையில் தாமதம்' என்று எழுதுவார். வண்டியே வராவிட்டால் 'கால அட்டவணை மறுபரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவார். பயணிகளுக்கான அறிவிப்புகள் எல்லாம் அவர் மேசையிலிருந்துதான் புறப்படும். திட்டு வாங்குவதற்கு நடத்துநர்கள் இருந்தார்கள். அந்தத் திட்டு தலைமை அலுவலகம் வரைக்கும் வராமல் எழுதுவதற்கு இவர் இருந்தார்.

இந்தப் பெருமை வீட்டில் செல்லுபடியாகவில்லை, முக்கியமாக மாமனாரிடம். மின்கம்பம் ஏறியே காலம் தள்ளியவர் அவர். கம்பி இழுத்து இழுத்து வலது தோள் தேய்ந்துபோய், இப்போது சட்டை போடவே ஆள் துணை வேண்டியிருந்தது. அவர் கணக்கில், வெயிலில் நின்று செய்யாத எதுவும் வேலை ஆகாது. கல்யாணமான புதிதில், மாப்பிள்ளை ஆபீசில் என்ன செய்கிறார் என்று மகளிடம் விசாரித்தார். எழுதுகிறார் என்று அவள் சொன்னதும், "அது சரி, வேலை என்ன பண்றாரு?" என்று கேட்டார். அடுத்த அறையிலிருந்த புலவருக்கு அது நன்றாகக் கேட்டது. அன்று தொண்டையில் சிக்கிய முள் இத்தனை வருடமாகியும் இறங்கவில்லை.

கடைசியில் அதை இறக்கி வைத்தது ஓர் அறிவிப்புதான். நிறுவனம் நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. கட்டணத்தை ஏற்றினால் ஊர் சும்மா விடாது. மேலிடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு தடமும் பல நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எத்தனை நிலை கடக்கிறோமோ அதற்குத் தகுந்த காசு. நிலைக்கு இவ்வளவு என்ற தொகையைத் தொடாமல், நிலைகளின் எல்லையை மட்டும் ஒரு நிறுத்தம் இந்தப் பக்கமாக இழுத்து வைத்தார்கள். நேற்றுவரை மூன்றாம் நிலையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி நான்காம் நிலைக்குள் போய்விட்டது. ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் அதேதான், காசு மட்டும் கூடுதல். இதை ஜனங்களுக்கு எப்படிச் சொல்வது என்று வந்தபோது கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் புலவரைப் பார்த்தார்கள்.

டீ ஆறுவதற்குள் புலவர் எழுதி முடித்துவிட்டார். மேலே கொட்டை எழுத்தில் 'கட்டணத்தில் மாற்றம் இல்லை'. கீழே பொடி எழுத்தில் 'பயணிகளின் வசதிக்காக நிலைகள் மட்டும் சீரமைக்கப்படுகின்றன'. தேடினாலும் அதில் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. மேலாளர் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். உங்களுக்குச் சும்மாவா புலவர் என்று பேர் வைத்தார்கள் என்றார். புலவருக்கு உள்ளே ஏதோ உறுத்தத்தான் செய்தது. அத்தனை பேர் சிரித்துக் கொண்டாடும்போது அந்த உறுத்தல் எந்த மூலைக்கு?

அறிவிப்பு ஒட்டிய அன்று சாயங்காலமே மாமனாரிடமிருந்து போன் வந்தது. மகளுக்கு இல்லை, மருமகனுக்கு.

"நோட்டீஸ் பார்த்தேன் மாப்பிள்ளை. எல்லாம் விலை ஏறுற நேரத்துல, ஏத்தலைன்னு பளிச்சுன்னு போட்டிருக்கீங்க. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க மாப்பிள்ளை எழுதினதுன்னு."

மாமனார் தோளுக்குப் பயிற்சி எடுக்க அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வருகிறார் என்பது புலவருக்குத் தெரியும். கீழே இருக்கும் சின்ன எழுத்தையும் படித்துவிடுங்கள் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எத்தனையோ வருடமாக ஏங்கிக் கிடந்த சொல் அப்போதுதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. ஏதோ தன்னால் முடிந்தது என்று அடக்கமாகச் சொல்லிப் போனை வைத்தார். அப்பாவா இவ்வளவு நேரம் உங்களிடம் பேசினார் என்று மனைவி நம்பமுடியாமல் கேட்டாள். அன்றைக்கு அவளுக்கும் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

புதிய ஏற்பாடு அமலுக்கு வந்த வாரமே பணிமனையிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் பழைய காசுதான் தருவேன் என்று அடம்பிடிக்கிறார், பெண் நடத்துநரைக் கூட்டத்துக்கு நடுவில் திருடி என்று சொல்லிவிட்டார், தகராறு முற்றி வண்டியைப் பணிமனைக்கே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள், நோட்டீஸைச் சொல்லிச் சொல்லித்தான் சண்டை போடுகிறார், எழுதினவரே வந்து புரியவைத்தால் நல்லது என்றார் பணிமனை மேலாளர். ஆஸ்பத்திரி என்றதுமே புலவர் கிளம்பிவிட்டார். ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர்கள் எத்தனையோ பேர் என்று தன்னைத் தேற்றிக்கொண்டே போனார்.

டீசல் வாடை அடிக்கும் அந்தச் சின்ன அறையில் மாமனார்தான் உட்கார்ந்திருந்தார், வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி. எதிரே நடத்துநர் தோல்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் கழுவிய கண்கள். மருமகனைக் கண்டதும் மாமனார் எழுந்துவிட்டார். முகத்தில் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது.

"இதோ வந்துட்டாரு. சொன்னேன்ல, எங்க மாப்பிள்ளைன்னு. இப்ப இவர்கிட்டயே கேட்டுக்குங்க."

பணிமனை மேலாளர் புலவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

நடத்துநர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு வாரமா எல்லாரும் என்னைத்தான் சார் கேக்குறாங்க. மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கு, நீ ஏன் கூடக் கேக்குற, அமுக்குறியான்னு. இன்னைக்கு இவரு திருடின்னே சொல்லிட்டாரு. நான் கேட்ட காசு சரியா தப்பா? அதை மட்டும் சொல்லிடுங்க."

தப்பிக்க வழி இல்லை. "அவங்க கேட்டது சரிதான் மாமா" என்றார் புலவர்.

மாமனார் அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். "அப்போ நீங்க எழுதினது?"

"அதுவும் சரிதான்."

பிறகு விளக்கினார். தொகை மாறவில்லை, நிலைதான் மாறியது, அதுவும் கீழே சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. இப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார், ஒருவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. மாமனார் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸின் அருகே போனார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கு சுவரில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, பொடி எழுத்துகளை வாய் அசையப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார். அவர் முதுகைப் பார்த்தபோதே, அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று புலவர் தெரிந்துகொண்டார். இனி வாய்க்கு வந்தபடி ஏசப்போகிறார் என்று காத்திருந்தார். ஏசியிருந்தால் தேவலை.

"ரெண்டு பேரும் சரின்னா, தப்பு நான்தான்" என்றார் மாமனார். நடத்துநர் பக்கம் திரும்பினார். "என் வயசுக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிடு. எனக்குச் சரியாப் படிக்கத் தெரியலை."

வலது கை எழும்பாததால் இடது கையைக் குறுக்கே விட்டுச் சட்டைப் பையைத் துழாவி, கூடுதல் காசையும் சேர்த்து எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். இனி பெரியவரிடம் அவளுக்கு எந்த வழக்கும் இல்லை. பார்வை மட்டும் புலவர் மேல் நின்றது.

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். மாமா சரியாகத்தான் படித்தார், அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நான் எழுதினேன் என்று. நாக்கு நுனிவரை வந்தது. இழுப்பறையைக் கிளறிக்கொண்டிருந்த பணிமனை மேலாளரின் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. விஷயம் சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் போய்விடும். புலவர் அதை அப்படியே விழுங்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வாசல்வரை பின்னாலேயே ஓடி, நானே கொண்டுபோய் விடுகிறேன் மாமா என்று கெஞ்சினார். வேண்டாம் என்று மாமனார் தலையசைத்தார். "நீங்க போய் வேலையைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். புலவர் செய்வதை அந்த மனிதர் வேலை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி போனில் அப்பாவை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். வயதுக்குத் தகுந்த மாதிரி பேச வேண்டாமா, அவ்வளவு பேர் முன்னால் ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்ல எப்படி மனசு வந்தது, நோட்டீஸில் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்ததாமே, புரியாவிட்டால் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பொரிந்தாள். மாமனார் தன் மகளிடம் என்ன சொல்லியிருக்கிறார் என்பது புலவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். அவளோ, "நீங்களே சொல்லுங்க அவருக்கு, அப்பவாவது மண்டையில ஏறுதான்னு பார்ப்போம்" என்று போனை அவர் கையில் திணித்தாள்.

"மாமா" என்றார் புலவர்.

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல நிக்கிறாளா? நான் சரியாப் படிக்கலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. அவ உங்களை ரொம்பப் பெரிசா நினைச்சிட்டிருக்கா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. புலவர் அதை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று மனைவி கேட்டாள்.

"இனிமே நல்லாப் படிச்சுப் பார்த்துட்டு ஏறுறாராம்" என்றார் புலவர்.