ஓடு நீக்கிய வீடியோ

சிப்பி உடைக்கும் கொட்டகையின் மூலையில், ஐஸ் பெட்டி மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கிப்யோ திரையை முறைத்தார். வீடியோ ஏறி முடிய இன்னும் பத்தொன்பது மணி நேரம் என்றது அது. தென் கொரியாவின் தோங்யோங் நகரத்துப் பெண்கள் நடனப் போட்டிக்கு வீடியோவை இணையத்தில் ஏற்றி, மாலை ஐந்துக்குள் அதன் சுட்டியை அனுப்பியாக வேண்டும். மணி மூன்றேகால்.

முப்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர் கிப்யோ. எந்த மணப்பெண்ணின் கண்ணீரையும் அவர் கணினியில் அமுக்கிச் சிறிதாக்கியதில்லை. எல்லாம் சுருக்காத ஏவிஐ கோப்பாக, எடுத்தது எடுத்தபடியே இருக்கும். கொட்டகைப் பெண்கள் சிப்பிக் கத்தியோடு ஆடிய இந்த நான்கு நிமிட நடனமும் நாற்பத்தைந்து ஜிபி. போன வருடமும் இதே பிடிவாதம்தான். பரிசு கொடுத்த மறுநாள் வீடியோ ஏறி முடிந்தது. அன்று முதல், மனைவி யங்சிம் உட்பட கொட்டகையின் பன்னிரண்டு பெண்களுக்கும் அவர் ‘மறுநாள் மாப்பிள்ளை’.

“எம்பி4-ன்னு பேர மாத்திப் பாத்துட்டேன். கொறையவே மாட்டேங்குது,” என்றார் கிப்யோ.

“பேர மாத்துனா எட கொறையுமா தம்பி? அப்டின்னா நான் என்னைக்கோ ஒல்லிக்குச்சின்னு பேரு வச்சிருப்பேனே,” என்றாள் மூத்தவள் மல்சுன். கத்தி மட்டும் நிற்கவில்லை.

யங்சிம் தலை நிமிராமல் கேட்டாள். “ஏங்க, சியோலுக்குச் சிப்பிய எப்படி அனுப்புறோம்?”

“ஒடைச்சு, சதைய மட்டும்.”

“ஏன், ஓட்டோட அனுப்புனா தரமா இருக்காதா?”

“லாரி தாங்காதும்மா...”

சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு வெளியே சிப்பி ஓடுகள் மலையாகக் குவிந்திருந்தன. வீட்டிலும் அவருக்கு இப்படி ஒரு மலை உண்டு: ஆறு அலமாரி கல்யாணங்கள். யாரும் திரும்ப வந்து கேட்டதில்லை; விவாகரத்து ஆனவர்கள்கூட அழிக்கச் சொல்லி வந்ததில்லை.

பேரை மாற்றாமல், இந்த முறை நிஜமாகவே எம்பி4 ஆகச் சுருக்கி மாற்றச் சொல்லிப் பொத்தானை அழுத்தினார். கிழட்டுக் கணினி ஒரு மணி நேரம் முனகியது. வந்தது முந்நூறு எம்பி. பயந்துகொண்டேதான் திறந்தார். கத்திகளின் மினுக்கு அப்படியே இருந்தது. மல்சுனின் சுருக்கங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

“அதையாவது கொறைச்சிருக்கலாம்,” என்றாள் அவள்.

எட்டே நிமிடத்தில் ஏறியது. நாலு நாற்பதுக்குப் போட்டிக்கும், பெண்களின் கைபேசிகளுக்கும் சுட்டி போனது. நாலு நாற்பத்தாறுக்கு ‘கிடைத்தது’ என்று பதில் வந்தது. கிப்யோ அதைச் சத்தமாகப் படித்தார். நம்பாத மல்சுன் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தார். பன்னிரண்டு கத்திகளும் இரும்பு மேசையில் தாளம் போட்டன.

“இன்னிக்கி மாப்பிள்ளை!” என்று யாரோ கத்தினார்கள். யங்சிம் ஒரு கொழுத்த சிப்பியை உடைத்து, சதையை மட்டும் கத்தி முனையில் எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

மென்றபடியே அவர் திரையைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தவர் எண்ணிக்கை ஒன்று, அது அவரேதான். நிமிர்ந்தபோது, ஈரக் கையுறைகளைக் கழற்றப் பொறுமையில்லாத பன்னிரண்டு பெண்களும் கைபேசிகளின் மேல் குனிந்து, மூக்கு நுனியால் அதே வீடியோவைத் தொட்டுத் திறந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு. ஐந்து. ஒன்பது.