ஹெலிகாப்டரில் ஒரு இடம்

அப்பாவின் கழுத்துக்குச் சட்டைக் காலர் பெரிதாகிவிட்டிருந்தது. நதியா அதன் பின்பக்கத்தை மடித்து, வெளியே தெரியாதபடி ஊக்கைக் குத்தினாள். தான் வேலை பார்க்கும் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் பொம்மைகளுக்குச் சேலை கட்டும்போது இப்படித்தான் குத்துவாள். துணி இழுபடாது, ஊக்கும் தெரியாது. தம்பி விமல்ராஜ் அப்பாவின் தோளைத் தூக்கிப் பிடித்திருந்தான். நுரையீரலில் வந்த புற்று சில மாதங்களிலேயே ஆளைப் பாதியாக்கிவிட்டிருந்ததால் தூக்குவதில் சிரமம் இருக்கவில்லை.

"யூனிபாரம் போடலாம்க்கா. சுபேதாரா இருந்தவரு."

"வேணாம்னு அவரே சொல்லிட்டாரு. வெள்ளச் சட்ட போதுமாம்."

விமல்ராஜ் பதக்கங்களை மட்டும் சட்டைப் பைக்கு மேலே குத்தினான். பிறகு இருவருமாக அப்பாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினார்கள்.

முசரவாக்கத்துத் தெருவில் பந்தல் போட்டாயிற்று. அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்று போதகர் சொல்லியிருந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து வந்தவர்கள் ஆளுயர ரோஜா மாலையைப் பெட்டியின் மேல் சாத்திவிட்டு, நாற்காலிகளில் உட்கார்ந்து சுபேதார் அப்பாதுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஜவானின் தட்டில் ரொட்டி விழுந்த பிறகுதான் அவர் தன் தட்டை நீட்டுவாராம். காய்ச்சலில் கிடந்தவனின் காவல் முறையைத் தானே நின்று முடிப்பாராம். படுப்பதற்கு முன் தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பாராம். அவர்களில் எல்லாச் சாமிகளையும் கும்பிடுகிறவர்கள் உண்டு. வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை, ஒரு பொய் வந்ததில்லை என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நதியா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் அவளுக்குப் புதிதல்ல. அப்பாவின் நல்லதெல்லாம் மலை மேலே, பனியிலேயே செலவாகிப்போய், மிச்சம்தான் வீட்டுக்கு வந்தது என்று அவளுக்கு எப்போதும் தோன்றும்.

அவள் பத்தாவது படித்த வருடம் அம்மா மரியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு அப்பாவுக்குத் தந்தி கொடுத்தார்கள். வடக்கே எல்லையில் உயரமான ஒரு முகாமில் இருந்தார் அவர். விடுமுறை கிடைத்துவிட்டது, ஹெலிகாப்டரில் இடமும் கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. அம்மா அன்றிலிருந்து கதவுப் பக்கமே முகத்தைத் திருப்பிப் படுத்தாள். செருப்புச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பாள்.

அவர் வரவில்லை. புறப்பட இருந்த காலையில் இன்னொரு தகவல் முகாமுக்குப் போயிருந்தது. மொஹசின் என்ற ஜவானின் தாய் ஆம்பூரில் சாகக் கிடக்கிறாள் என்று. ஹெலிகாப்டரில் ஒருவருக்குத்தான் இடம். அப்பா தன் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் பனி கொட்டி, பல நாள் எந்த ஹெலிகாப்டரும் மேலே ஏறவில்லை. அந்த நாட்களில்தான் அம்மா போனாள்.

அடக்கமெல்லாம் முடிந்து வந்த அப்பாவின் முகத்தில் பனி சுட்ட தோல் உரிந்துகொண்டிருந்தது. நடந்ததை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னார்.

"மந்தைய வுட்டுட்டு மேய்ப்பன் முன்னாடி எறங்கி வர முடியாதும்மா."

"அப்ப நாங்க யாரு மந்தப்பா?" என்று நதியா கேட்டாள்.

அவர் எழுந்துபோய் அடுப்படியில் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். அதன் பிறகு இருவருக்கும் இடையில் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் உடம்பு துடைத்ததும் அவள்தான். அந்தக் கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

மதியம் தாண்டி ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கையில் சின்ன பை. பந்தலில் யாரையும் பார்க்காமல் நேராகப் பெட்டியின் முன் போய்ச் சல்யூட் அடித்தார். கையைக் கீழே இறக்க வெகுநேரமாயிற்று. பிறகு விமல்ராஜிடம் தன் பெயரைச் சொன்னார். அது நதியாவின் காதில் விழுந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

விமல்ராஜ் அவரை உள்ளே அழைத்து வந்தான். ஆம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நதியா டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சித்தி பூவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, அந்த ஹெலிகாப்டர் இடத்தைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க அம்மி கடைசியா என் கையாலதாம்மா தண்ணி குடிச்சாங்க. அது சாப், உங்க அப்பா, குடுத்தது."

நதியா தரையைப் பார்த்தாள்.

"நான் ஏற மாட்டேன்னுதான் நின்னேன். உங்க லீவு சாப், நீங்க போங்கன்னேன். என் வூட்ல எல்லாரும் நல்லா கீறாங்கப்பா, நான் சும்மாதான் போறேன், நீ ஏறுன்னு சிரிச்சிக்கினே தள்ளி வுட்டாரு."

நதியா நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது. அம்மாவின் தந்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா சிரித்திருக்கிறார். பொய் சொல்லியிருக்கிறார்.

மொஹசின் டம்ளரைக் கீழே வைத்தார். விடுமுறையிலேயே அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பிறகு பல வருடம் தொடர்பில்லை. பழைய ஆட்களின் வாட்ஸப் குழுவில்தான் சாப்பின் நம்பர் கிடைத்ததாம்.

"உங்க அம்மா தவறிட்டாங்கன்னு போன்ல சொன்னாரு. எப்பன்னு கேட்டா மட்டும் பேச்ச மாத்திடுவாரு. ஒரு தரம் இல்ல, எப்ப கேட்டாலும் அப்படித்தான்." அவர் குரல் தணிந்தது. "உங்கள ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே வந்தேம்மா. நான் எறங்கி வந்தேன் இல்ல, அப்ப அம்மா எப்டி இருந்தாங்க?"

பூவம்மாள் வாயைத் திறக்கப் போனாள். நதியா அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். இத்தனை வருடம் இந்த ஆள் எதிரில் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருந்தது கொஞ்சமல்ல. சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அவர் ஆம்பூர் வரை அதைச் சுமந்துகொண்டு போவார், பிறகு சாகும்வரை சுமப்பார்.

"நல்லாத்தான் இருந்தாங்கண்ணா," என்றாள். "அம்மா போனது அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் கழிச்சி. அப்பா கூடவே இருந்தாரு."

கடைசி வார்த்தைகளைச் சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பாவை நினைத்து அழுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். நீண்ட மூச்சு விட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார். விமல்ராஜ் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான்கு மணிக்குச் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு கைப்பிடியை மொஹசின் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோதுதான் நதியாவுக்கு அது உறைத்தது. அப்பாவுக்கான குழி அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே வெட்டப்பட்டிருந்தது. அம்மாவின் சிலுவையில் இறந்த தேதியும் வருடமும் இருந்தன. போன நவம்பரில்தான் விமல்ராஜ் அந்த எழுத்துகளுக்குக் கறுப்பு மை புதிதாகப் பூசியிருந்தான். அந்தத் தேதியைப் பார்த்தால் மொஹசினுக்குத் தெரிந்துவிடும்; தன் தாய் இறந்த மாதத்தை எந்த மகன் மறப்பான்?

பெட்டியைக் குழியோரம் இறக்கி வைத்து மாலைகளை எடுத்துக் குழிக்குள் போடத் தொடங்கினார்கள். நதியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சங்கத்தார் போட்ட பெரிய ரோஜா மாலையை இரு கைகளாலும் வாங்கினாள். கனமாக இருந்தது. அதை அம்மாவின் சிலுவையில் மாட்டி, எழுத்துகளின் மேல் படர்த்தி விட்டாள். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். அது முடியும் வரை அவள் சிலுவையை ஒட்டியே நின்றாள்.

பெட்டி இறங்கியது. மொஹசின் மூன்று கைப்பிடி மண் போட்டார். பிறகு இந்தப் பக்கம் வந்தார்.

"அம்மாவா?"

"ஆமாண்ணா."

அவர் சிலுவையின் உச்சியை ஒரு விரலால் தொட்டார். மாலையில் கோணலாகத் தொங்கிய சரிகைக் குஞ்சத்தை நேராக்கினார். இரண்டு கைகளையும் ஏந்தி, உதடு அசைய, சற்று நேரம் நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சங்கத்தார் ஒருவர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்தது. விமல்ராஜ் அக்காவின் அருகே வந்து நின்றான். அப்பா மேல் ஒரு பூ கூட இல்லை, இந்த மாலையை எடுத்துப் போடட்டுமா என்று கேட்டான்.

"இருக்கட்டும்."

அவன் மறுபேச்சுப் பேசாமல் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

புது மண்மேட்டின் ஒரு ஓரம் சரிந்திருந்தது. நதியா உட்கார்ந்து, உள்ளங்கையால் அதை அணைத்து மேலே ஏற்றினாள். மண் உலர்ந்து உதிரியாக இருந்தது, மறுபடி சரிந்தது. மறுபடி ஏற்றினாள்.