நாலு பத்தில் நின்ற கடிகாரம்

மணிக்கூண்டைப் பற்றி அவள் சொல்லும் கதைக்குத் தனி மவுசு. பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் தொழில். "இதைக் கட்டுன எஞ்சினியர் உயிர் போனது நாலு பத்துக்கு. கடிகாரமும் அதோட நின்னுருச்சு" என்பாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். கதை முழுக்க அவளுடைய சொந்தச் சரக்கு.

நிஜத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வராது. அந்தக் கடிகாரத்துக்குத் திங்கள்தோறும் சாவி கொடுத்தவர் அவள் அப்பா. முப்பது வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அது நின்றது. நூற்றுப்பன்னிரண்டு படி ஏறிப் பார்க்க நகராட்சி ஆபீசில் ஒருத்தருக்கும் உடம்பு வணங்கவில்லை. சாவி கொடுக்காமல் தூங்கிவிட்டார் என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதி, அவரை வீட்டுக்கு அனுப்பி, கூண்டைப் பூட்டினார்கள். பள்ளியில் அவளுக்கு 'தூங்குமூஞ்சி மகள்' என்று பேர் விழுந்தது. அழுதுகொண்டு வந்தவள், "தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்னப்பா?" என்று கேட்டாள். அப்புறம் அப்பா கடிகாரப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது ஆபீசுக்குத் திடீர் ஞானோதயம். கடிகாரத்தை ஓடவைக்க ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். ஏன் நின்றது என்று அவர் எழுதிக் கொடுப்பதைக் கல்லில் வெட்டி வாசலில் வைப்பார்களாம். அப்பாவின் தூக்கம் கல்லில் ஏறிவிட்டால் ஊர் உள்ளவரை அழியாதே! மூச்சு வாங்க மெக்கானிக்கின் பின்னாலேயே அவளும் படியேறினாள்.

மேலே போனதும் அவர் கடிகாரப் பெட்டியின் கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கம் முழுக்கப் பென்சிலில் தேதிகள்.

"சாவி கொடுக்கிறவங்க பழக்கம்மா இது. கொடுத்ததும் தேதி போட்டுருவாங்க" என்றவர், கடைசி வரியில் விரல் வைத்தார். "இந்தா பாருங்க, நின்ன வாரத்துத் திங்கக்கிழமை. ஒரு தடவை கொடுத்தா எட்டு நாள் ஓடும். இது நின்னது சக்கரத்துல பல்லு உடைஞ்சதால. அந்த மனுஷன் மேல ஒரு தப்பும் இல்ல."

அப்பாவின் கோணல் எழுத்துதான். அவளுக்கு அவமானமாக இருந்தது, இந்தத் தடவை தன்னை நினைத்து.

வீட்டில் அப்பா சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"கதவைத் திறந்து பாருங்கன்னு அன்னைக்கே ஆபீஸ்ல தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார்.

"என்கிட்ட சொல்லலையேப்பா?"

"நீ கேக்கவா வந்த? ஒத்துக்கச் சொல்லித்தானே வந்த."

அவள் ஊசியை வாங்கி நூல் கோத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கூட்டம் அண்ணாந்து பார்த்து நின்றது. "இதைக் கட்டுன எஞ்சினியர்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

"அது நான் அளந்த கதைங்க. இதுக்குச் சாவி கொடுத்தவர் எங்கப்பா. தூங்கிட்டாருன்னு பழி போட்டாங்க. அவர் தூங்கல. அதை முப்பது வருஷமா நானே நம்பல."